மடிப்பைப் படித்தவள்

என் ஓரகத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. பழைய தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்தவள், ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அது எங்கே கிடந்தது, யாரிடம் இருந்தது என்று கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் சொல்வார்கள். அத்தனை தாளையும் அவளுக்குப் படித்துச் சொன்னது யார் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே. நான்தான் படித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள் நான்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர், பின்னால் பொதுவாக ஒரு அடுப்படி. நான் வெளிக்காட்டில் கொழுந்து எடுத்தேன். மழையோ பனியோ, பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலையேற வேண்டும். அவளுக்கு ஃபேக்டரியில், தூள் சலிக்கிற அறையில் வேலை. நனையாத வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிட்டிகைத் தூளை விரலில் உருட்டி இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள் என்று அங்கே அவளுக்கு மரியாதை வேறு. அந்த விரல்களைத்தான் அவள் தாளிலும் வைத்தாள்.

எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். பிறகு ஓரத்தை நகத்தால் தடவுவாள். மோந்து பார்ப்பாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். மடிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடி, கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பாள்: “இது யாரு கையிலேருந்து வந்துச்சு?”

ஒருமுறை பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. மற்றவர்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவள் வாங்கிய கையோடு திருப்பினாள், மடிப்பைத் திறந்து மூடினாள்.

“இது மொதல்ல வேற யாருக்கோ வச்சிருந்ததாண்ணே?” என்றாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. மலையடிவாரத்துத் தாப்பாவில் ஒரு சொந்தக்காரருக்கு எடுத்துவைத்ததாம். அவரோடு மனத்தாங்கல் வந்ததும் உறையை மாற்றி எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

“எப்படிக்கா தெரிஞ்சுச்சு?” என்று கேட்டேன்.

“ரெண்டு மடிப்பு இருந்துச்சு. சின்ன கவருக்கு ஒண்ணு, பெரிய கவருக்கு ஒண்ணு.”

“எழுத்த விட்டுட்டு மடிப்பப் பாக்குறது நீ ஒருத்திதான்.”

“எழுதுறவன் பொய்யா எழுதலாம் தங்கச்சி. மடிக்கிறவன் எதுக்குப் பொய்யா மடிக்கப்போறான்?”

பதில் சொல்ல முடியாத பேச்சைக் கேட்டால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

கேமரன் மலையில் தாள் தங்காது. ஒரு மாதம் சும்மா வைத்தால் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவள் ஃபேக்டரியிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. அடியில் ஒரு கை காய்ந்த தூளைத் துணியில் முடிந்து போட்டு அதன்மேல் தாள்களை அடுக்குவாள். தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கப்பல் சீட்டு, ஜப்பான்காரன் காலத்து வாழைமரம் போட்ட நோட்டு, வெள்ளைக்காரத் துரை காலத்துப் பெட்டி லேபிள், படக்கொட்டகை நோட்டீஸ், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. கருமாதிப் பத்திரிகைகூட இருந்தது. அதைப் படித்தவுடன் கிழித்துப் போடுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். இவள் வைத்துக்கொண்டாள். செத்தவர் பேரை அச்சில் போட்டது இதில் மட்டும்தானே என்றாள். மாலையில் பெட்டியைத் திறந்தால் தேயிலை வாசனையும் பழைய தாள் வாசனையும் கலந்து அடுப்படி வரை வரும். “தங்கச்சி, கொஞ்சம் வாயேன், இத மட்டும் படி” என்று குரலும் வரும். கூப்பிடாத நாளில் ஏன் கூப்பிடவில்லை என்று இருக்கும். கூப்பிட்டால் இவளுக்கு நான் என்ன சம்பளமில்லாத ஆபீஸ் கிராணியா என்று இருக்கும்.

என் வயிற்றெரிச்சலின் வேர் வேறு இடத்தில் இருந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அப்போது வாழ்த்து மடல் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சேர்ந்து, பெண்ணையும் பிள்ளையையும் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதி, ஈப்போவில் கொடுத்துக் கலர்த் தாளில் அச்சடித்துக் கொண்டுவருவார்கள். தாலி ஏறியதும் ஒருவர் எழுந்து ராகம் போட்டுப் படிப்பார். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தாள். ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மணமக்கள் கையில் கொடுப்பார்கள். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு ஆணி அடிக்கப்படும். லயத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

என் ஓரகத்தி வீட்டிலும் அது இருந்தது. ரோஸ் தாள். “கல்விக் கடலே, கலைமகள் வடிவே” என்று அவளைப் பாடியிருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவள் கல்விக் கடல். எழுதினவருக்கு எதுகை மோனை கிடைத்தால் போதும் போலிருக்கிறது. அவள் வீட்டுக்குள் போகும்போதெல்லாம் அந்த இரண்டு வரியை நான் படிப்பேன். படிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே படிப்பேன்.

என் கல்யாணம் எழுபதுகளின் நடுவில், அடைமழைக் காலத்தில் நடந்தது. என் கணவரின் கூட்டாளிகளும் பாட்டு எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். முந்தைய நாள் தாப்பா ரோட்டில் மண் சரிந்தது. அச்சடித்த தாள் கட்டு மலைக்கு மேலே வரவில்லை. பாட்டு எழுதியவர் வெறுங்கையோடு எழுந்து நின்று, மனப்பாடமாகச் சொல்கிறேன் என்று இரண்டு வரி சொன்னார். மூன்றாவது வரி வரவில்லை. இருமினார். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்து அதே இடத்தில் நின்றார். பந்தலில் சிரிப்பு. நாதஸ்வரக்காரர் சட்டென்று வாசித்து அதை மூடினார். என் ஓரகத்தி சிரிக்கவில்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை, நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். சிரித்திருப்பாள் என்றே வைத்துக்கொண்டேன். ரோடு திறந்த பிறகும் அந்தக் கட்டு எங்களிடம் வந்து சேரவில்லை. பாட்டு எழுதியவர் வேலை தேடிச் சிங்கப்பூர் போய்விட்டார். என் வீட்டுச் சுவரில் அந்த ஆணி இல்லாமலே போயிற்று.

கியா பார்ம் என்ற ஊரில் இருந்த ஒரு அம்மாவின் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். உடைந்த சாமிப் படத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார்கள். மழையில் ஊறி, சட்டம் பிரிந்து, பத்துப் பதினைந்து படம் அங்கே சாய்ந்து கிடக்கும். யாரும் தொடமாட்டார்கள். இவள் தொட்டாள். விழுந்து கும்பிட்டுவிட்டு ஒவ்வொன்றின் பின்பலகையையும் கழற்றினாள். சட்டம் போடுகிறவர்கள் படம் ஆடாமல் இருக்கக் கையில் கிடைத்த தாளை வைத்து அடைப்பார்களாம், வீட்டுக்காரர்களும் பத்திரமாக இருக்கட்டும் என்று எதையாவது சொருகுவார்களாம். பாவம் பிடிக்கும் என்று லயத்தில் பேசினார்கள். நானும்தான் பேசினேன்.

ஒரு லட்சுமி படத்துக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. படித்தேன். ஜப்பான் சண்டைக்கு முந்திய காலத்துக் கல்யாணம், எங்கள் தோட்டத்திலேயே. ஆனால் அந்தப் பேரில் யாரையும் யாருக்கும் தெரியவில்லை. எழுத்து சொன்னது அதோடு முடிந்தது. அவள் சட்டத்தைத் திருப்பினாள். பலகையைப் பிடித்திருந்தது ஆணி இல்லை, தேயிலைப் பெட்டி ஓரத்தில் அடிக்கிற தகரப்பட்டையின் வெட்டுத்துண்டு. அப்படியானால் ஃபேக்டரி ஆசாரி செய்தது என்றாள். வேலையிலிருந்து நின்றுவிட்ட அந்த ஆசாரியைப் போய்ப் பார்த்தாள். அவர் இன்னொருவரைச் சொன்னார். நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, கடைசியில் கியா பார்மில் ரோட்டோரம் காய்கறி விற்கிற ஒரு வயதான அம்மாவிடம் போய் நின்றோம். மணப்பெண் அவர்தான். கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் புருஷனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனானாம். திரும்பவில்லை. தோட்டத்தை விட்டு வந்தபோது அந்தப் படமும் யார் வீட்டுக்கோ போய்விட்டதாம். புருஷன் பேர் எழுதிய தாள் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

நான் பத்திரிகையை உரக்கப் படித்தேன். பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் ஓரகத்தியின் தோளில் சாய்ந்து அழுதார். விரல் வைத்துக் காட்டியது நான்.

“இது ஒங்க தாளும்மா, நீங்களே வச்சுக்குங்க” என்றாள் என் ஓரகத்தி. ஆள் கிடைத்துவிட்டால் அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆள் தெரியாதவை மட்டும்தான் பெட்டியில் இருக்கும்.

அந்த அம்மா ஒரு கூடை ஸ்ட்ராபெரி கொடுத்தார், அவளிடம். லோரியில் திரும்பும்போது அவள் பாதியை எடுத்து என் மடியில் போட்டாள். அது எனக்கு இன்னும் எரிந்தது.

“ஊரு தாளெல்லாம் கண்டுபிடிக்கிற. எங்க கல்யாணத் தாளக் கண்டுபிடிச்சுக் குடேன் பாப்போம்” என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவள் குத்தலை எடுத்துக்கொள்ளவில்லை. “என்ன நெறம் அது?” என்றாள்.

“பாத்திருந்தாத்தானே தெரியும்.”

லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், “மஞ்சத் தாளு, சுத்தி ஊதாக் கரைன்னு பயலுங்க சொன்னானுங்க அண்ணி” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அது போனது போச்சுலா, இப்ப என்னத்துக்கு” என்றார்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் அந்தப் பேச்சை மறந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் கோலாலம்பூரிலிருந்து பத்திரிகையில் எழுதுகிற ஒருவர் வந்தார். கியா பார்ம் கதை எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. தோளில் கேமரா, கையில் நோட்டுப் புத்தகம். பெட்டியைத் திறந்து வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு தாளாக எடுத்து, மடிப்பைக் காட்டி, கறையைக் காட்டிப் பேசினாள். நான் ஒவ்வொரு தாளாகப் படித்தேன். தொண்டை கட்டிவிட்டது. அவர் அவள் பேரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். ஊரை எழுதிக்கொண்டார். அவள் தகப்பன் பேரைக்கூட எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் பேரைக் கேட்கப்போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இன்னொரு டீ கெடைக்குமாங்க?” என்றார்.

போட்டுக் கொடுத்தேன். அவர் படம் எடுக்கும்போது என் ஓரகத்தி, “இவதான் எனக்குப் படிச்சு சொல்றது, இவளையும் எடுங்க” என்றாள். ஒரு படம் எடுத்தார். பின்னாளில் பத்திரிகை வந்தபோது பார்த்தேன். பெட்டி, அவள், ஓரத்தில் ஒரு முழங்கை. அது என் முழங்கை.

அவர் போன அன்று மாலையே அது நடந்தது. நான் அடுப்படியில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புகை. கண்ணில் வந்த தண்ணீருக்குப் புகைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் தாள். புகையிலை கட்டி வைத்திருந்தது போல, கறையேறிப் பழுப்பாக இருந்தது.

“தங்கச்சி, கோவப்படாத. இத ஒண்ண மட்டும் பாரு. இது கல்யாணப் பாட்டுத் தாளு, என்னோடது மாதிரியே தடிமன். எந்தக் கல்யாணம்னு பேரு இருக்கா பாரு.”

நாள் முழுக்கப் படித்திருந்தேன். என் பேரை ஒருவரும் கேட்காத நாளில் இன்னும் ஒரு பேரை இவளுக்குப் படிக்க வேண்டுமா? வாங்கினேன். பார்க்கவில்லை. இன்றைக்கும் சத்தியமாகச் சொல்வேன், அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை.

“சோப்பு நோட்டீஸ்” என்றேன். அடுப்பில் போட்டேன். ஈர விறகு அதில்தான் பற்றியது.

அவள் அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “சோப்பு நோட்டீஸா” என்றாள். கேள்வியாகச் சொன்னாளா, சும்மா திருப்பிச் சொன்னாளா என்று தெரியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் படிக்கச் சொல்லவில்லை. சண்டை கிடையாது. குழம்பு வைத்தால் கொடுப்பாள், என் பெண்ணுக்குத் தலை வாரி விடுவாள், காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டுவருவாள். தாளைப் பற்றி மட்டும் பேச்சில்லை. நிம்மதி என்று முதலில் நினைத்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மாலையில் தேயிலை வாசனை வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிடமாட்டாள். வேறு யாரையாவது படிக்கச் சொல்கிறாளோ என்று வேவு பார்த்தேன். யாரையும் சொல்லவில்லை. பலகைச் சுவர் இடுக்கில் ஒருநாள் பார்த்தபோது ஒரு பழைய கவரிலிருந்து சின்னத் துண்டுகளை எடுத்துத் தரையில் பரப்பி, நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுதான் மறைத்தது.

“என்னக்கா அது?” என்று மறுநாள் கேட்டுவிட்டேன்.

“அது இன்னும் முழுசாகல” என்றாள்.

எனக்குக் காட்டாமல் எதையோ பெரிதாகக் கண்டுபிடிக்கப்போகிறாள், மறுபடி கேமராக்காரர் வரப்போகிறார், நான் டீ போடப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்போடு ஏழெட்டு வருஷம் ஓட்டினேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தானா ராத்தாவுக்கும் கம்போங் ராஜாவுக்கும் பஸ் ஏறிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் பஸ் தவறிப்போகட்டும் என்று வேண்டியிருக்கிறேன். இதைவிட வெட்கங்கெட்ட வேண்டுதல் ஒன்றை எங்கள் மாரியம்மன் கேட்டிருக்கமாட்டாள்.

எண்பதுகளின் நடுவில் அவள் மகள் ஈப்போவில் வாழ்க்கைப்பட்டு, பெற்றவர்களை அங்கேயே கூப்பிட்டுக்கொண்டாள். சாமான் ஏற்ற என் கணவர்தான் லோரி கொண்டுவந்தார். எனக்கு ஒரே ஒரு கணக்கு இருந்தது. தேயிலைப் பெட்டியை என்னிடம் விட்டுப்போவாள். ஈப்போவில் சின்ன வீடு, அதை எங்கே வைப்பாள்? அதில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் என் வாயால் வந்தது, எனக்குத்தானே கொடுக்க வேண்டும்? முதலில் லோரியில் ஏறியது அந்தப் பெட்டிதான். தன் கையாலேயே பிடித்து ஏற்றினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பாய்களைச் சுருட்டினேன்.

எல்லாம் ஏறிய பிறகு, “தங்கச்சி, உள்ள வா” என்று கூப்பிட்டாள். வீடு காலியாக இருந்தது. சுவரில் அவளுடைய வாழ்த்து மடல் சட்டம் மட்டும் அதே ஆணியில் தொங்கியது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணாடிக்குள் ரோஸ் தாள் இல்லை. மஞ்சள். சுற்றிலும் ஊதாக் கரை.

ஒன்பது கட்டமாகத் துண்டு துண்டாக ஒட்டியிருந்தாள். ஒரு துண்டில் எண்ணெய் இறங்கியிருந்தது, ஒன்றில் சூடக் கறை, ஒன்று வெயில் பட்டு வெளுத்திருந்தது. கரையை வைத்து மூலையும் ஓரமும் பிரித்திருக்கிறாள். இடது ஓரத்துண்டும் வலது ஓரத்துண்டும் மட்டும் இடம் மாறித் தலைகீழாக இருந்தன. “ஆல்போல் தழைத்து” என்பது மேலே ஓடியது, “அறுகுபோல் வேரூன்றி” கீழே எங்கோ நின்றது. அடியில் ‘அன்பு நண்பர்கள்’ என்று என் கணவரின் கூட்டாளிகள் பேர் வரிசையாக இருந்தது.

“தானா ராத்தா சீனக் கடைக்காரர்தான் சொன்னாரு” என்றாள். “மண்ணு சரிஞ்சு ரோடு தொறந்த மறுநாளு லோரில ஒரு கட்டு வந்துச்சாம். மழைல கட்டு மேல எழுதியிருந்த பேரு கரைஞ்சு போச்சாம். அவருக்குத் தமிழு படிக்கத் தெரியாது, யாருமே கேட்டும் வரல. ரொம்ப நாளு வச்சிருந்துட்டு, ஒவ்வொரு தாளையும் ஒம்போதா வெட்டிப் பொட்டலம் மடிச்சுட்டாரு. நான் போயி கேக்கும்போது அத்தனையும் தீந்துபோச்சு. அப்பறம் வீடு வீடாத்தான். கடைசி லயத்துல ஒரு வீட்டுப் பலகை ஓட்டைய அடைச்சிருந்துச்சு. ஒண்ணு குங்கும டப்பாக்குள்ள. ஒண்ணு கம்போங் ராஜாவுல, புள்ளைக்கு மொத முடி எடுத்து மடிச்சு வச்சிருந்தாங்க. எட்டும் கெடைச்சிருச்சு.”

எட்டுதான். நடுக்கட்டத்தில் மஞ்சள் தாள் இல்லை. மணமக்கள் பேர் இருக்க வேண்டிய இடம் அது. அங்கே தாமரைப் பூ போட்ட ஒரு சோப்புத் தாளை அளவாக வெட்டி ஒட்டியிருந்தாள்.

விரலை அதன்மேல் வைத்தேன்.

“அன்னிக்கு அடுப்புல போட்டியே, அதுதான் நடுத்துண்டு. நாலு பக்கமும் கத்தி வெட்டு, கரையே கெடையாது. அதுக்கப்பறம் எவ்வளவோ தேடிட்டேன், அது மட்டும் மறுபடி கெடைக்கல.”

“அப்ப இது?”

“நீதானே படிச்சு சொன்ன, சோப்பு நோட்டீஸ்னு. எனக்கென்ன படிக்கவா தெரியும்? நீ சொன்னதையே வச்சுட்டேன்.”

முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை நம்பித்தான் வைத்தாளா, என் பொய்யை அன்றைக்கே தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டு வைத்தாளா? தாளின் தடிமனைத் தொட்டே சொன்னவள் அவள். இருந்தாலும் எனக்கு உறுதியாகத் தெரியாது. மன்னித்துக்கொள் அக்கா என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் அந்த நேரத்திலும் என் மனதில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? என் கல்யாணத் தாளைக்கூட இவள்தானே கண்டுபிடித்தாள் என்பதுதான்.

“அந்த ஆணியும் ஒனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினாள். அவளுடைய ரோஸ் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாளாம். பிறகு என் கணவர் சொன்னார்.

அதற்குப் பிறகு அவளை இரண்டு முறை பார்த்தேன், இரண்டும் கல்யாண வீடு. கூட்டத்தில் பேசவில்லை. மூன்றாவதாக அவளுடைய கருமாதிப் பத்திரிகை வந்தது. அதில் அவள் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. படித்தேன். நான் அதைக் கிழிக்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

இப்போது தானா ராத்தாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். கூடத்தில் அந்தச் சட்டம் தொங்குகிறது. சோப்புத் தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்கள் இரண்டு பேர் பேரையும் நானே எழுதிவிடலாம். எழுதத் தெரிந்தவள்தானே. இரண்டு முறை பேனாவை எடுத்து, பின்பலகையின் ஆணி வரை கழற்றிவிட்டேன். மறுபடி அடித்துவிட்டேன்.

வருகிறவர்கள் எட்டி நின்று படிப்பார்கள். யார் கல்யாணம் இது, பேரே இல்லையே, நடுவில் என்னம்மா ஒட்டியிருக்கிறது என்று கேட்பார்கள்.

“அது சோப்பு நோட்டீஸ். நான்தான் படிச்சு சொன்னேன்” என்பேன்.